வானத்து இணைப்பும் சங்கக் கட்டடமும்

2025 ஜூன் மாதத்தில் ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு மத்திய அரசு உரிமம் வழங்கியது முதல், "நமக்கும் வானத்திலிருந்து இணையம் வருமா?" என்று சங்கந்தோறும் அங்கத்தினர்கள் வினவுகின்றனர். வரக்கூடும். ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அச்செயற்கைக் கோள்கள், கோபுரத்து அலையை மலை மறைக்கும் கொல்லிமலைச் சிற்றூர்களுக்குப் பெரிதும் பயன்படும்.

ஆயின் இராசிபுரத்திலும் இளம்பிள்ளையிலும் உள்ள குறை வேறு. கோபுரம் இருக்கிறது, கைப்பேசியும் இருக்கிறது. எனினும் சேலையின் படத்தை வெளியூருக்கு அனுப்பி விலை பேசுபவர் பெரும்பாலும் வியாபாரியே, நெய்தவர் அல்லர். திருச்செங்கோட்டு மஞ்சள் ஏலத்தின் நிலவரமும் பயிரிட்டவரைவிடத் தரகருக்கே முந்தித் தெரிகிறது. எத்தனை கோள்கள் சுற்றினும் இந்நிலை தானே மாறிவிடாது.

1975-76இல் செயற்கைக் கோள் வழியே ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டப்பட்டபோது, வீட்டுக்கொரு பெட்டி வைக்கப்படவில்லை. ஊருக்குப் பொதுவாகவே வைக்கப்பட்டது. கூட்டுறவாளர்க்கு இம்முறை புதிதன்று. சங்கத்தின் பெயரில் ஒரே இணைப்புப் பெறுவோம். பாரத்நெட் கண்ணாடி இழை ஊராட்சி அலுவலகம் வரை வந்துள்ள இடங்களில், அதனைச் சங்கக் கட்டடத்துக்கு நீட்டித் தருமாறு முதலில் விண்ணப்பிக்கலாம். வானலைத் தட்டுக்காகக் கடன்படுவானேன்? செயலாளரின் மேசையோடு அது நின்றுவிடலாகாது. மாலையில் ஒரு மணி நேரமேனும் தறிக்காரர் வீட்டுப் பெண்களும் மஞ்சள் விவசாயிகளும் அமர்ந்து விலை பார்க்க இடமளிக்க வேண்டும்.

மாதச் சந்தாவை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவதென்று செயலாளர்கள் கேட்பார்கள். மகாசபைத் தீர்மானத்தை முதலில் எழுதுங்கள். தலைப்பை நான் ஆய்வுக்கு வரும்போது பார்த்துக்கொள்வோம்.