ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் அளவுகோல்

2016 ஜனவரியில் எச்எம்டி கைக்கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவையின் பொருளாதார விவகாரக் குழு ஒப்புதல் தந்தது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1961-இல் பெங்களூருவில் தொடங்கிய தொழில் அது. முதல் சம்பளத்தில் வாங்கியது, கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போட்டது என்று ஒரு தலைமுறையின் மணிக்கட்டில் இருந்த கடிகாரம். அதே ஆண்டில், அதே நகரத்தில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் டைட்டன், காரட்லேன் என்ற நகை நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. கைக்கடிகாரத்தில் தொடங்கிய டைட்டனுக்கு இன்று வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் நகையிலிருந்து வருகிறது.

அரசு நிறுவனம் தோற்றது, தனியார் நிறுவனம் வென்றது என்று இதை முடித்துவிடுகிறார்கள். அந்த விளக்கம் போதாது. டைட்டன், டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் உருவாக்கிய கூட்டு நிறுவனம். கால் பங்குக்கும் மேல் வைத்திருக்கும் டிட்கோதான் அதன் தனிப்பெரும் பங்குதாரர். பதிவு அலுவலகம் ஓசூர் சிப்காட்டில். தொடக்க காலத்தில் அங்கே சேர்ந்தவர்களில் பலர் எச்எம்டியில் தொழில் கற்றவர்கள். பல தொழில்களைக் கையில் வைத்திருந்த இரண்டு தலைமைகளும் அவற்றைப் பிரித்து நடத்திய விதத்தில்தான் உண்மையான வேறுபாட்டைத் தேட வேண்டும்.

எச்எம்டி 1953-இல் பிறந்தது இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களுக்காக. பின்னர் கைக்கடிகாரம், பிஞ்சோரில் டிராக்டர், களமசேரியில் அச்சு இயந்திரம், மின்விளக்கு, பேரிங் என்று விரிந்தது. ஒரு கடைசல் இயந்திரத்தை வாங்குவது தொழிற்சாலை. அது ஆண்டுக்கணக்கில் யோசித்து வாங்கும். டிராக்டரை வாங்குவது, மழையையும் வங்கிக் கடனையும் பார்த்திருக்கும் விவசாயி. கைக்கடிகாரத்தை வாங்குபவரோ கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஐந்து நிமிடத்தில் மனம் மாறுகிறவர். மூன்று தொழில்களுக்கும் மூன்று விதமான காலம், மூன்று விதமான பணம், மூன்று விதமான ஆட்கள் தேவை. ஆனால் எச்எம்டியின் தலைமையிடம் கேட்கப்பட்டதெல்லாம் ஒரே வகைக் கேள்விகள்: எத்தனை உற்பத்தி செய்தாய், எத்தனை பேருக்கு வேலை தந்தாய், எந்த மாநிலத்தில் ஆலை அமைத்தாய்?

அவை கெட்ட கேள்விகள் அல்ல. தும்கூரிலும் ஸ்ரீநகரிலும் கடிகார ஆலை வந்ததால் வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. ஆனால் அந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் சொல்லிக்கொண்டே ஒரு கைக்கடிகாரப் பிரிவு சந்தையை இழக்க முடியும். எச்எம்டிக்குப் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரம் தெரியாமல் இல்லை. 1980-களின் தொடக்கத்திலேயே அத்தகைய கடிகாரத்தைச் செய்தது. ஆனால் குவார்ட்ஸுக்கு முழுமையாக மாறுவதென்றால் சாவி கொடுக்கும் கடிகாரங்களுக்கான தன் சொந்த வரிசைகளைத் தானே சுருக்க வேண்டும். அப்படிச் செய்யும் அதிகாரம் கடிகாரப் பிரிவின் மேலாளர் எவருக்கும் இருக்கவில்லை என்பதே என் கணிப்பு. 1999-இல் கடிகாரத்துக்கும் இயந்திரக் கருவிகளுக்கும் தனித்தனித் துணை நிறுவனங்கள் அமைக்கப்பட்டன. அப்போதும் பெரிய முதலீட்டுக்கும், ஒரு தொழிலிலிருந்து விலகுவதற்கும் தில்லியின் கையெழுத்துதான் தேவைப்பட்டது.

டைட்டனும் தவறாத நிறுவனம் இல்லை. செர்க்சஸ் தேசாய் தலைமையில் குவார்ட்ஸை நம்பி வென்ற அது, 1990-களில் ஐரோப்பியச் சந்தையில் இறங்கிப் பெரும் பணத்தை இழந்தது. நகைத் தொழிலுக்குள் வந்ததும் ஏற்றுமதியால் அந்நியச் செலாவணி ஈட்டத்தான். கடிகார உதிரிபாக இறக்குமதிக்கு அது வேண்டியிருந்தது. 1991-இன் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பிறகு அந்தக் காரணமே போய்விட்டது. ஆலை மட்டும் ஓசூரில் நின்றது.

1996-இல் சென்னை கதீட்ரல் சாலையில் டைட்டனின் நகைப் பிராண்டான தனிஷ்க்கின் முதல் கடை திறந்தபோது, கடிகாரம் விற்ற மூளையோடுதான் நகையை விற்றார்கள்: வடிவழகு, கண்ணாடிப் பெட்டி, 18 காரட். நம் வீட்டுப் பெண்களுக்கு நகை அணிகலன் மட்டுமா? அவசரத்துக்கு அடகு வைப்பது, மகளுக்குச் சேர்ப்பது, விற்றால் மாற்றுக் குறையக் கூடாதது. நஷ்டம் தொடர்ந்தது; இந்தத் தொழிலே வேண்டாம் என்ற பேச்சும் குழுமத்துக்குள் எழுந்தது.

இங்கே தலைமை எடுத்த முடிவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பிரிவை மூடவும் இல்லை, பழைய இலக்கை வைத்துக்கொண்டு விரட்டவும் இல்லை. அந்தப் பிரிவிடம் கேட்கும் கேள்வியை மாற்றியது. நகைத் தொழிலின் நோய் தூய்மைக் குறைவு. ஆகவே நம்பிக்கையை விற்கலாமா என்று பார்க்கச் சொன்னது. தனிஷ்க் 22 காரட்டுக்கு வந்தது. கடைகளில் தங்கத்தின் தூய்மையை அளக்கும் காரட்மீட்டர் வைத்து, யார் நகையைக் கொண்டுவந்தாலும் இலவசமாகச் சோதித்துக் காட்டியது. பரம்பரையாக வாங்கும் கடையின் நகை சொன்ன மாற்றில் இல்லை என்று கண்ணெதிரே தெரிந்தபோது பலர் அதிர்ந்தார்கள். அப்படிப்பட்ட 19 காரட் நகையைக் கொடுத்தால் 22 காரட் நகையாக மாற்றித் தரும் திட்டமும் வந்தது. 2000-களின் தொடக்கத்தில்தான் லாபம் எட்டிப் பார்த்தது.

பணத்தின் கணக்கும் மாறியாக வேண்டியிருந்தது. கடிகாரத்தில் இருப்பு என்பது தூசி படியும் சரக்கு. நகையில் இருப்பே முதல். வங்கியிடம் தங்கத்தையே கடனாக வாங்கி, விற்ற பிறகு அன்றைய விலையில் பணம் கட்டுவது, நகைச்சீட்டின் மூலம் வாடிக்கையாளர் பணம் முன்கூட்டியே வருவது ஆகிய இரண்டின் மேல்தான் அந்தப் பிரிவு நின்றது. 2013-இல் ரிசர்வ் வங்கியின் தங்க இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் முதல் வழி அடைபட்டது. 2014-இல் புதிய வைப்புத்தொகை விதிகளால் பதினோரு தவணை கட்டினால் ஒரு தவணை இலவசம் என்ற சீட்டை நிறுத்தி, வேறு வடிவில் மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. இதையெல்லாம் உணர்ந்து நடத்த, நகைத் தொழிலுக்கென்றே ஆட்கள் வேண்டும்.

அதே நேரத்தில் பிரிவுகள் தனித் தீவுகளாகிவிடாமலும் டைட்டன் பார்த்துக்கொண்டது. 1990-இல் சேர்ந்த சி.கே. வெங்கட்ராமன் கடிகாரப் பிரிவின் விளம்பரத்திலிருந்து வந்தவர். 2005-இல் நகைப் பிரிவுக்குத் தலைவரானார். 2019-இல் பாஸ்கர் பட்டுக்குப் பின் நிர்வாக இயக்குநரானார். அவருக்கு அடுத்து அறிவிக்கப்பட்ட அஜோய் சாவ்லாவும் நகைப் பிரிவை நடத்தியவர். ஒரு பிரிவின் வலியை அனுபவித்தவர்தான் எல்லாப் பிரிவுகளுக்கும் பணம் பிரித்துக் கொடுக்கும் நாற்காலிக்கு வருகிறார். சிறு நகரங்களுக்காகத் தொடங்கிய கோல்ட்பிளஸ் கடைகளைத் தனியே வைத்திருப்பதில் பொருளில்லை என்றானபோது தனிஷ்க்கோடு சேர்த்துவிட்டார்கள். கடிகார ஆலையின் கருவிக் கூடத்திலிருந்து வளர்ந்த பொறியியல் தொழிலைத் தனித் துணை நிறுவனமாகப் பிரித்தார்கள். எதைச் சேர்ப்பது, எதைப் பிரிப்பது என்பதற்கு நிலையான வாய்ப்பாடு இல்லை.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரட் ஸ்லோன் 1920-களிலேயே செவர்லேவையும் கடிலாக்கையும் தனித்தனிப் பிரிவுகளாக்கி, நிதியை மட்டும் நடுவில் இறுக்கிப் பிடித்தார். அந்தப் பாடம் நூறாண்டுப் பழையது. அப்படியிருந்தும் இன்றைய பெங்களூரு அலுவலகங்களில் காலாண்டுக்கு ஒருமுறை எல்லாப் பிரிவுத் தலைவர்களும் ஒரே படிவத்தை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வளர்ச்சி விகிதம், லாப விகிதம், ஆள்கணக்கு. இருபது ஆண்டுப் பிரிவுக்கும் இரண்டு ஆண்டுப் பிரிவுக்கும் அதே கட்டங்கள். இளம் பிரிவின் மேலாளர் என்ன செய்வார்? தான் கற்றுக்கொண்டதைச் சொல்லாமல், அந்தக் கட்டத்தில் அழகாகத் தெரியும் எண்ணைத் தேடுவார்.

டைட்டனுக்கே இந்தச் சோதனை மறுபடி வந்திருக்கிறது. 2017-இல் தனேரா என்ற பெயரில் புடவைக் கடைகளைத் தொடங்கினார்கள். நகைப் பிரிவின் அளவோடு பார்த்தால் அது மிகச் சிறியது. காஞ்சிபுரத்திலும் வாரணாசியிலும் தறியில் ஏறும் புடவையை ஆலை வேகத்துக்கு இழுக்க முடியாது. விற்காத புடவையை உருக்கி வேறு வடிவமாக்கவும் முடியாது. தங்கத்தில் வென்ற கணக்கு இங்கே உதவாது. நெசவாளரோடு எத்தனை ஆண்டு உறவு, எத்தனை தறிக்கு ஆண்டு முழுதும் வேலை, ஒரு வாடிக்கையாளர் எத்தனை முறை திரும்பி வந்தார் என்ற கேள்விகளைத் தலைமை அந்தப் பிரிவிடம் கேட்க வேண்டும். தனிஷ்க்குக்குக் கொடுத்த பொறுமையில் பாதியையாவது தனேராவுக்கும் கொடுக்க வேண்டும். அதற்கு எத்தனை ஆண்டு என்பதை, இன்னொரு மோசமான காலாண்டு வந்து தீர்மானிப்பதற்கு முன்பே, இப்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.