பழி ஒரு மருந்தின் மேல், தண்டனை இன்னொன்றுக்கு

"கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டால் கொழுப்பும் வைட்டமினும் உடம்பில் ஒட்டாது" என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. இதை நம்பி மாத்திரையை நிறுத்துவது, மாரடைப்பிலிருந்து பிழைத்தவருக்கு உயிராபத்து. ஆகவே, இந்த வாதத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"எல்லா மாத்திரையும் குடலில் கொழுப்பைத் தடுக்கும்." தவறு. பெரும்பாலோருக்கு எழுதித் தரப்படும் அட்டோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் போன்ற ஸ்டாடின்கள் வேலை செய்வது கல்லீரலில். அங்கே கொலஸ்ட்ரால் உருவாகத் தேவையான ஒரு நொதியைத் தடுக்கின்றன. உடனே கல்லீரல் ரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பான எல்டிஎல்லைக் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. தோசைக்கு விட்ட நல்லெண்ணெய் வழக்கம்போலவே செரிக்கும்.

"கொலஸ்ட்ரால் குறைந்தால், கொழுப்பைச் செரிக்க உதவும் பித்தநீர் வற்றிவிடும்." பித்த அமிலங்கள் கொலஸ்ட்ராலிலிருந்து உருவாவது உண்மைதான். ஆனால் குடலுக்கு வரும் பித்த அமிலத்தில் சுமார் 95 சதவீதம் கல்லீரலுக்கே திரும்பிவிடுகிறது. அன்றாடம் புதிதாகத் தேவைப்படுவது ஏறக்குறைய அரை கிராம்தான்.

"எசெடிமைப் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை குடலில்தானே வேலை செய்கிறது?" ஆம். ஆனால் அது தடுப்பது கொலஸ்ட்ராலை உள்ளே எடுத்துச் செல்லும் ஒரு புரதத்தை மட்டுமே. உணவிலுள்ள மற்ற கொழுப்பும், வைட்டமின் ஏ, டி ஆகியவையும் தடையின்றிச் சேர்கின்றன.

"பரிசோதனையில் வைட்டமின் ஈ குறைகிறதே?" ரத்தத்தில் வைட்டமின் ஈ பெருமளவு எல்டிஎல்லில் ஏறித்தான் போகிறது. வண்டிகள் குறைந்தால் சரக்கும் குறைவாகத் தெரியும். குடல் உறிஞ்சவில்லை என்று அதற்குப் பொருளில்லை.

அப்படியானால் இந்த அச்சம் எங்கிருந்து வந்தது? கொலஸ்டிரமின் போன்ற பழைய மருந்துகளிலிருந்து. இவை குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகின்றன. அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் ஃபோலிக் அமிலமும் குறையக்கூடும். மற்ற மருந்துகளையும் இவை பிடித்துக்கொள்ளலாம் என்பதால், அவற்றை இவற்றுக்கு ஒரு மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டும். அந்தக் கொலஸ்டிரமினும் தீங்கே உருவானதல்ல: 1984இல் அமெரிக்காவில் வெளியான, 3,806 ஆண்கள் பங்கேற்ற ஆய்வில், மாரடைப்பையும் இதயநோய் மரணத்தையும் அது 19 சதவீதம் குறைத்தது.

ஸ்டாடினுக்கும் பக்கவிளைவு உண்டு. சிலருக்குத் தசைவலி வரும், சிலருக்குச் சர்க்கரை சற்று ஏறும். அவற்றை மருத்துவரிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் மாத்திரை அட்டையில் உள்ள மருந்தின் பெயரைப் படித்துக் கேளுங்கள். கேட்காமல் மட்டும் நிறுத்தாதீர்கள்.