பிள்ளைக்கு ஒப்பமிட வேண்டியவர் யார்?

கொவிட் கொள்ளைநோய் உலகை உலுக்கிச் சென்று ஆண்டுகள் சில கழிந்துவிட்டன. ஊரடங்கையும் முகக்கவசத்தையும் மக்கள் மெல்ல மெல்ல மறந்து வருகின்றனர். ஆயினும், அந்நாள்களில் எழுந்த வினா ஒன்று தெளிவான விடையை வேண்டி நிற்கின்றது. பெற்ற தாயும் தந்தையும் அருகில் இல்லாத பிள்ளைக்குத் தடுப்பூசி ஏற்றுவதா, விடுவதா என்று முடிவு செய்யும் உரிமை யாருக்குரியது?

மன்னாரைப் பொறுத்தவரை இது ஏட்டளவில் நின்றுவிடும் வினா அன்று. பேசாலை முதல் முசலி வரை, பெற்றோர் அல்லாதார் கையில் வளரும் பிள்ளைகள் இல்லாத ஊரைக் காண்பது அரிது. போர் சிலரின் பெற்றோரைக் கொண்டுபோயிற்று. வறுமை சிலரின் தாய்மாரை வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிற்று. எஞ்சிய பிள்ளைகளை அம்மம்மாவும், அப்பம்மாவும், பெரியதாயும், சிறுவர் இல்லங்களின் கன்னியாஸ்திரீகளும் தாங்கி வளர்க்கின்றனர். உணவூட்டவும் பள்ளிக்கு அனுப்பவும் காய்ச்சல் கண்ட இரவில் கண்விழிக்கவும் இவர்களிடம் யாரும் அதிகாரப் பத்திரம் கேட்பதில்லை. படிவம் ஒன்றில் ஒப்பமிடும் வேளை வந்தால் மட்டும், 'நீர் யார்?' என்ற கேள்வி எழுகின்றது.

2020 மார்ச்சு 20 ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. அதே மாதத்தில் விமான நிலையங்களும் வருவோருக்கு மூடப்பட்டன. 2021 ஜனவரியிலேதான் அவை மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டன. வெளிநாட்டில் அகப்பட்ட தாய்மார் பலர் பிள்ளையின் முகத்தைத் தொலைபேசியில் மட்டுமே கண்டனர். பின்னர்த் தடுப்பூசி வந்தது. 2021 செப்டெம்பரில் நீடித்த நோயுள்ள சிறுவருக்கும், அதன்பின் மூத்த மாணவருக்கும், 2022 ஜனவரியில் 12 வயது முதல் 15 வயது வரையுள்ளோருக்கும் பைசர் தடுப்பூசி ஏற்றப்பட்டது. பெற்றோரின் இசைவு கேட்கப்பட்டது. கேட்டதிலே தவறில்லை. ஆனால், பெற்றோரே இல்லாத வீட்டில் 'எனக்கென்ன அதிகாரம்?' என்று அம்மம்மா தயங்கினால், 'நாளை பழி என்மேல் வருமே' என்று இல்லப் பொறுப்பாளர் ஒதுங்கினால், அந்தப் பிள்ளையின் கதி யாது?

இது கொவிட்டோடு முடிந்துபோன கதையுமன்று. சின்னமுத்துக்கான தடுப்பூசியின் முதல் ஊசி ஒன்பதாம் மாதத்திலும், இரண்டாவது மூன்றாம் வயதிலும் ஏற்றப்படுகின்றன. இந்த இடைவெளியிலே பிள்ளை வீடு மாறினால், ஊர் மாறினால், இரண்டாவது ஊசியை நினைவில் வைத்திருப்பவர் யார்? 2019 ஜூலையில் சின்னமுத்தை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தால் பாராட்டப்பட்ட இலங்கையில், 2023 ஆம் ஆண்டு அந்நோய் மறுபடியும் தலைதூக்கிற்று. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவியருக்கு இரு தவணைகளாக ஏற்றப்பட்டது. முதல் தவணைக்கும் இரண்டாம் தவணைக்கும் இடையில் இல்லம் மாறும் சிறுமியின் பெயர் இரு பட்டியல்களிலும் விடுபட்டுப் போவதற்கு அதிக நேரம் பிடிக்காது.

சட்டம் முற்றிலும் மௌனமாக இருந்ததென்று நாம் கூறவில்லை. 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், ஆதரவற்ற பிள்ளையைத் தகுதியுள்ள ஒருவரிடம் நீதிமன்றம் ஒப்படைக்க வழி செய்தது. அவ்வாறு பொறுப்பேற்றவருக்குப் பெற்றோரை ஒத்த அதிகாரத்தையும் அளித்தது. ஆனால், நீதிமன்றக் கட்டளை பெற்றுப் பேரப்பிள்ளையை வளர்க்கும் அம்மம்மா மன்னாரில் எத்தனை பேர்? உறவின் பேரிலும் ஊரின் நம்பிக்கையின் பேரிலும் வளரும் பிள்ளையின் வளர்ப்பாளர் சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படாதவராகவே இருக்கின்றார்.

நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் 13 ஆம் திருத்தத்தின்கீழ் மாகாணங்களுக்குப் பகிரப்பட்ட துறை. ஆனால், வட மாகாண சபையின் ஆயுட்காலமோ 2018 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. கொள்ளைநோய் வந்தபோது இத்துறைக்குப் பொறுப்பாக மக்கள் தெரிந்தெடுத்த அமைச்சர் ஒருவர் இருக்கவில்லை. வினா எழுப்ப ஓர் உறுப்பினரும் இருக்கவில்லை. தேர்தலை ஒத்திப்போடுவதால் அரசியல்வாதிகள் மட்டுமே நட்டமடைகின்றனர் என்று எண்ணுவோர் இதனைச் சிந்திப்பார்களாக.

பிற நாடுகள் இச்சிக்கலை எதிர்கொண்ட விதம் நோக்கத்தக்கது. 2020 மே மாதத்தில் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பொன்றை வழங்கிற்று. நீதிமன்றக் கட்டளைப்படி உள்ளூராட்சி அமைப்பின் பராமரிப்பில் உள்ள பிள்ளைக்கு, வழமையான தடுப்பூசிகளை ஏற்ற அவ்வமைப்பே இசைவு அளிக்கலாம். பெற்றோர் மறுத்தாலும் ஒவ்வொரு முறையும் நீதிமன்றம் செல்ல வேண்டியதில்லை என்பதே அத்தீர்ப்பு. 2021 இல் இதே நெறி கொவிட் தடுப்பூசிக்கும் பொருந்துமென்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் கூறிற்று. பெற்றோர் தம் மறுப்பை நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்லும் வழி அடைக்கப்படவில்லை.

அம்முறையை அப்படியே பெயர்த்து நடவேண்டுமென்று நாம் கேட்கமாட்டோம். அதிகாரம் எவர் கையில் கிடைத்தது, அவர் அதனை எவ்வாறு பயன்படுத்தினார் என்பதை நம் மக்கள் நன்கறிவர். தோட்டத் தொழிலுக்கென வந்த நம் உறவுகள் தலைமன்னார்த் துறையில் கால்வைக்குமுன், மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டு அம்மை குத்தப்பட்ட வரலாற்றை இக்கரை மறந்துவிடவில்லை. அண்மைய கொடுமையோ இன்னும் ஆறாத புண். கொவிட்டால் இறந்தோரைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2021 பெப்ரவரி வரை கட்டாயமாக எரித்தார்கள். 2020 டிசெம்பரில், 20 நாள் மட்டுமே வாழ்ந்த முஸ்லிம் குழந்தையொன்றையும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகத் தீயிட்டார்கள். அன்று பெற்றோரின் இசைவைத் துச்சமாக மதித்த அரசாங்கம், மறுநாள் ஊசியோடு வந்து 'எம்மை நம்புங்கள்' என்றால் முசலியின் தாய் தயங்கமாட்டாளா? தடுப்பூசியின் நன்மையில் எமக்கு எள்ளளவும் ஐயமில்லை. அந்நன்மையை மக்கள் ஏற்க வேண்டுமாயின், அதிகாரத்துக்கு வரம்பு இருத்தல் வேண்டும்.

ஆகவே நாம் வற்புறுத்துவன இவை. முதலாவதாக, பிள்ளையை உண்மையில் வளர்ப்பவருக்கு, தேசிய நிரலில் உள்ள தடுப்பூசிகளுக்கு இசைவளிக்கும் எழுத்து மூல உரிமை வழங்கப்பட வேண்டும். கிராம அலுவலர் உறுதிப்படுத்த, பிரதேச செயலாளர் செலவின்றி வழங்கும் ஒரு பத்திரம் இதற்குப் போதும். இரண்டாவதாக, தாயோ தந்தையோ வெளிநாட்டில் இருப்பின், தொலைபேசியில் அவரது கருத்தைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அவரை எட்ட முடியாமற்போவது பிள்ளையின் ஊசிக்குத் தடையாதல் கூடாது. மூன்றாவதாக, பெற்றோர் மறுத்தால் அவரது காரணத்தைச் செவிமடுத்து, விரைந்து தீர்ப்பதற்கு நீதவான் முன் வழி இருத்தல் வேண்டும். நான்காவதாக, பிள்ளையின் உடல்நலப் பதிவேடு பிள்ளை செல்லும் இடமெல்லாம் உடன்செல்ல வேண்டும். ஐந்தாவதாக, விளங்கிக்கொள்ளும் வயதுடைய பிள்ளையின் கருத்தையும் கேட்டல் வேண்டும். 1991 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயம் இதனையே பணிக்கின்றது.

இல்லங்களில் வாழும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். நோய் பரவுங்காலத்தில் வாயிற்கதவை மூடுவது எளிது. மூடிய கதவுக்கு உள்ளே இருக்கும் பிள்ளையின் மனத்தைக் காப்பது கடினம். நோயுற்றவரைப் பிரித்து வைக்கத் தனி அறையும், உறவினரோடு நாள்தோறும் பேசத் தொலைபேசியும், நன்னடத்தை உத்தியோகத்தரின் தடையற்ற வருகையும் ஒவ்வோர் இல்லத்திலும் முன்கூட்டியே ஒழுங்கு செய்யப்பட வேண்டும். நோய்க்கு அஞ்சி, போக்கிடம் ஆராயாது பிள்ளைகளை அவசர அவசரமாக வெளியே அனுப்பும் வழக்கம் ஒருபோதும் தோன்றலாகாது.

ஊசிக்கு அஞ்சும் வளர்ப்பாளரை ஏளனஞ் செய்வதால் பயனில்லை. குடும்பநல மாதுவும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவருக்கு விளங்கும் தமிழில் ஐயம் தீர்க்க வேண்டும். ஆலயமும் பள்ளிவாசலும் கோவிலும் அவர்களுக்குத் துணை நிற்கவேண்டும்.

வடக்கின் ஆளுநரும் வன்னி மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களும் மன்னார் மாவட்டச் செயலாளரும் இதனைத் தம் பணியாகக் கொள்ளுமாறு கேட்கின்றோம். இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கையும், அதனை நிறைவேற்றும் மனமும் போதும். இன்னொரு கொள்ளைநோய் கரையேறியபின் படிவம் அச்சிடத் தொடங்குவோமாயின், அதற்குரிய விலையைத் தாயற்ற பிள்ளைகளே முதலிற் செலுத்துவர்.