படத்தின் முதுகில் எழுதிய பெயர்



நம் வீடுகளில் பழைய தகரப் பெட்டியைத் திறந்தால் துணிகளுக்கு அடியில் ஒரு காகித உறை கிடக்கும். அதனுள் ஓரம் பழுப்பேறிய கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கும். கொழும்பிலோ பினாங்கிலோ சிங்கப்பூரிலோ ஸ்டூடியோவில் நின்று எடுத்து, கடிதத்தோடு ஊருக்கு அனுப்பப்பட்டவை அவை. படத்தைத் திருப்பினால் முதுகில் மையால் எழுதிய இரண்டு வரிகளைக் காணலாம்: இடப்பக்கம் இருப்பவர் இன்னார், நடுவில் நிற்பவர் இன்னாரின் மகன், இன்ன ஆண்டு. அந்த இரண்டு வரிகள் இல்லாத படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இது யாராக இருக்கும்?" என்று வீட்டார் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

கணிப்பொறியில் உள்ள படங்களைப் பற்றி இம்மாதம் எழுத நேர்ந்ததற்கு, வளைகுடாவில் பணிபுரியும் வாசகர் ஒருவரின் கடிதமே காரணம். குடும்பப் படங்கள் அனைத்தையும் ஸ்கேன் செய்து கணிப்பொறியில் ஏற்றி, படங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருள் ஒன்றில் முகம் முகமாகப் பெயர் குறித்து வைத்திருக்கிறார். விடுமுறை நாட்களில் மூன்றாண்டுகள் உழைத்த உழைப்பு. இப்போது அந்த மென்பொருள், "புதிய பதிப்பு வந்துள்ளது, புதுப்பிக்கவா?" என்று நாள்தோறும் கேட்கிறதாம். "அழுத்தலாமா, கூடாதா?" என்பது அவருடைய வினா. ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் அவர் அஞ்சுவது எதற்காக என்று எண்ணிப் பார்த்தபோது, அது நம்மில் பலருடைய வீட்டு விஷயமாகவே எனக்குத் தோன்றியது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கணிப்பொறியில் படம் ஒரு கோப்பு. அதை ஒழுங்குபடுத்தும் மென்பொருள் பெரும்பாலும் அந்தக் கோப்பைத் தொடுவதே இல்லை. நாம் குறிக்கும் பெயர், இடும் நட்சத்திரம், பிரிக்கும் ஆல்பம், செய்யும் திருத்தம் ஆகிய யாவற்றையும் அது தனியே ஒரு பேரேட்டில் எழுதிக்கொள்கிறது. கடைக்காரர் சரக்கின்மேல் எழுதாமல் கணக்குப் புத்தகத்தில் எழுதுவதைப் போன்றது இது. திரையில் படமும் பெயரும் ஒன்றாகத் தெரிவதால் இரண்டும் ஓரிடத்திலேயே இருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். மதரசாவில் ஓதும் பிள்ளைகளுக்கு இதை எளிதாக விளக்கிவிடலாம். உஸ்தாத் சொல்லும் விளக்கத்தைக் கிதாபின் ஓரத்திலேயே குறித்துக்கொள்கிற மாணவன் ஒருவன். தனி நோட்டில் குறிக்கிற மாணவன் மற்றொருவன். கிதாபு கை மாறும்போது முதலாமவனின் குறிப்பு கிதாபோடு போகும். இரண்டாமவனின் குறிப்பு, நோட்டு இருக்கும்வரைதான்.

புதிய பதிப்பு வந்ததும் மென்பொருள் முதலில் கைவைப்பது இந்த நோட்டில்தான். பழைய பேரேட்டைத் தன்னுடைய புது முறைக்கு மாற்றி எழுதிக்கொள்கிறது. மாற்றியபின் பழைய பதிப்பால் அதைப் படிக்க இயலாது. "பிடிக்கவில்லை, பழையதற்கே திரும்பிவிடுகிறேன்" என்று எண்ணுகிறவர், திரும்பும் பாதை அடைபட்டிருப்பதை அப்போதுதான் காண்கிறார்.

நடந்தவற்றைப் பார்த்தால் இது விளங்கும். பிகாசா என்ற மென்பொருளை நினைவுகூர்வோர் நம்மிடையே பலர் இருப்பர். 2002இல் தோன்றியது, 2004இல் கூகுள் நிறுவனம் அதனை வாங்கி இலவசமாக வழங்கியது. 2009இல் முகங்களைத் தானே கண்டுபிடித்து, "இவர் யார்?" என்று கேட்கும் வசதியும் அதில் சேர்ந்தது. ஒருமுறை பெயர் சொன்னால் போதும். அதே முகத்தை மற்றப் படங்களிலும் தேடி எடுத்துவந்து நிறுத்தும். பாட்டியாரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, அவர் சொல்லச் சொல்லப் பெயரிட்ட குடும்பங்கள் எத்தனையோ! 2016 பிப்ரவரியில் பிகாசாவை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. அடுத்த மாதமே ஆதரவு நின்றது. ஏற்கெனவே நிறுவியிருந்தவர்களுக்கு அது தொடர்ந்து இயங்கியது உண்மைதான். ஆனால் கணிப்பொறி பழையதாகும். புதியது வாங்கவேண்டி வரும். படங்களை இடம் மாற்றவேண்டி வரும்.

அங்கேதான் சிக்கல் வெளிப்பட்டது. பிகாசாவில் படத்தின் கீழே எழுதிய விளக்க வரி, படக் கோப்புக்குள்ளேயே பதிந்தது. முகத்துக்கு இட்ட பெயரோ அவ்வாறு பதியவில்லை. கோப்புறைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கப்பட்ட ஒரு சிறு குறிப்புக் கோப்பிலும், கணிப்பொறியின் வேறோர் மூலையில் இருந்த பெயர்ப்பட்டியலிலும் அது எழுதப்பட்டது. பிந்திய பதிப்புகளில் பெயரையும் படத்துக்குள்ளேயே எழுதும் வசதி வந்தது. ஆனால் நாமே அமைப்புகளுக்குள் சென்று அதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அறிந்து தேர்ந்தெடுத்தவர் பிழைத்தார். அறியாதவர் படங்களை மட்டும் பொறுக்கிப் பென் டிரைவில் எடுத்துச் சென்றார். விளக்க வரிகள் கூடவே சென்றன, முகப் பெயர்கள் பின்தங்கிவிட்டன. சிவந்த கண்ணைச் சரிசெய்தது, ஓரத்தை வெட்டியது போன்ற திருத்தங்களும் அப்படியே. சேமி என்று சொல்லாதவரை அவை வெறும் குறிப்பாகவே இருந்தன. படம் பழைய கோலத்திலேயே போய்ச் சேர்ந்தது. ஒரே மென்பொருளில், ஒரே படத்தில், நாம் தட்டச்சு செய்த இரண்டு வரிகளில் ஒன்று நிலைத்தது, மற்றொன்று நிலைக்கவில்லை. எது எங்கே எழுதப்படுகிறது என்று முன்பே கேட்டறிய வேண்டும் என நான் வலியுறுத்துவது இதனால்தான்.

ஆப்பிள் கணிப்பொறி வைத்திருந்தவர்களின் அனுபவம் வேறு வகையானது. 2002இல் வெளிவந்த ஐபோட்டோ அவர்களுடைய வீட்டு ஆல்பமாக இருந்தது. 2014 ஜூனில் அதனை இனி வளர்க்கப்போவதில்லை என்று நிறுவனம் அறிவித்தது; 2015 ஏப்ரலில் போட்டோஸ் என்ற புதிய மென்பொருள் வந்தது. படங்கள் தொலையவில்லை, இதை நியாயமாகக் கூறவேண்டும். ஆனால் பழகிய வீட்டில் தட்டுமுட்டுச் சாமான்களை இடம் மாற்றி வைத்தாற்போல ஆயிற்று. ஒன்று முதல் ஐந்து வரை இட்டிருந்த நட்சத்திரங்கள் நட்சத்திரங்களாக வரவில்லை. வெறும் குறிச்சொற்களாக மாறின. நிகழ்ச்சி வாரியாகப் பிரித்து வைத்தவை ஆல்பங்களாயின. 2019இல் வந்த இயங்குதளத்தில் ஐபோட்டோ திறக்கவே இல்லை.

தொழில்முறைப் புகைப்படக்காரர்களும் தப்பவில்லை. அடோபி நிறுவனத்தின் லைட்ரூமில் 2015 அக்டோபரில் வந்த புதுப்பிப்பு, படங்களை உள்ளே ஏற்றும் முறையை 'எளிமையாக்குகிறேன்' என்று சொல்லி, பழகிய சில வசதிகளை நீக்கிவிட்டது. பயனாளர்கள் கொதித்தெழவே, சில நாட்களில் மன்னிப்புக் கேட்டு, அடுத்த மாதமே பழைய முறையைத் திரும்பக் கொடுத்தார்கள். (எளிமை என்ற பெயரில் நம்மிடமிருந்து பிடுங்கப்படுவதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.) 2020 ஆகஸ்டில் நடந்தது இன்னும் கொடியது. ஐபோனிலும் ஐபேடிலும் இயங்கும் லைட்ரூமின் புதுப்பிப்பை ஏற்றவே, இணையச் சேமிப்புக்கு இன்னும் சென்று சேராதிருந்த படங்கள் சிலருக்கு அழிந்தே போயின. பிழையைத் திருத்திய பதிப்பு விரைவில் வந்தது. போன படங்களை அது மீட்டுத் தரவில்லை.

"அப்படியானால் புதுப்பிக்காமலேயே இருந்துவிடலாமே" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அவ்வாறு இருப்பவர்களை அறிவேன். அது சில ஆண்டுகளுக்குத்தான் செல்லும். 2017 முதல் ஐபோன்கள் ஹெய்க் என்ற புதிய வடிவத்தில் படங்களைச் சேமிக்கின்றன. மகள் கைபேசியில் எடுத்த பேரக்குழந்தையின் படம் பிகாசாவில் திறப்பதில்லை. பாதுகாப்புக் குறைகளும் பழைய பதிப்பில் அடைக்கப்படாமலேயே கிடக்கும். ஆகவே புதுப்பிக்கத்தான் வேண்டும். இன்றைக்கே அழுத்திவிடக் கூடாது என்பது மட்டுமே வாசகருக்கு நான் கூறும் விடை.

அழுத்துவதற்கு முன் அவர் செய்யவேண்டியது: மென்பொருளை மூடிவிட்டுப் படங்கள் உள்ள கோப்புறையை முழுமையாக, அதனுடைய பேரேட்டையும் சேர்த்து, தனி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் படியெடுக்க வேண்டும். படங்களைப் பொறுக்கி எடுத்தால் மறைந்திருக்கும் கோப்புகள் விடுபடும்; கோப்புறையையே எடுக்கவேண்டும். அதன்பின் மென்பொருளின் அமைப்புகளுக்குச் சென்று, பெயர்களையும் விளக்கங்களையும் படக் கோப்புக்குள்ளேயே எழுதும்படி பணிக்கும் தெரிவு உள்ளதா என்று தேடவேண்டும். படத்துக்குள் எழுதுவதற்கென்று பல மென்பொருள்களுக்கும் பொதுவான முறைகள் இருக்கின்றன. 2001இல் அடோபி அறிமுகப்படுத்திய எக்ஸ்.எம்.பி. அவற்றுள் ஒன்று. டிஜிகாம் என்ற இலவச மென்பொருளில் இந்தத் தெரிவு உண்டு. அது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குவது. கணிப்பொறியில் இதைச் செய்வதும், நம் முன்னோர் படத்தின் முதுகில் மையால் எழுதியதும் ஒன்றேதான்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பெயரைப் படத்துக்குள் எழுதிவிட்டால், படம் போகுமிடமெல்லாம் பெயரும் போகும். வீட்டுப் பெண்மக்களின் பெயர், குழந்தைகளின் பெயர், படம் எடுத்த இடம் யாவும், மின்னஞ்சலில் அந்தக் கோப்பை அனுப்பினால் பெறுகிறவர் பார்க்கக்கூடியவையாகிவிடும். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் படமாக அனுப்பினால் இந்த உள் விவரங்கள் நீங்கிவிடுகின்றன. ஆவணமாக அனுப்பினால் நீங்குவதில்லை. எனவே பெயர் எழுதிய தொகுப்பு வீட்டுக்குள் இருக்கட்டும். வெளியே அனுப்புவதற்கு விவரம் நீக்கிய படியொன்று தனியே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தையே மூலப் படமாகக் கருதிச் சேர்த்து வைப்பவர்களும் இதைக் கவனிக்கவேண்டும்: அதில் எடுத்த தேதியும் இராது, முழு அளவும் இராது.

தேதி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இக்காலத்து மென்பொருள்கள் எல்லாவற்றையும் கால வரிசையில் அடுக்குகின்றன. ஸ்கேன் செய்த படத்தில் எடுத்த தேதி இராது. ஸ்கேன் செய்த தேதியே அதற்குத் தெரியும். ஆகவே வாப்பாவின் நிக்காஹ் 2012இல் நடந்ததாகவும், பேரனின் கத்னாவுக்கு அடுத்த வாரம் உம்மம்மா சிறுமியாக இருந்ததாகவும் அது சற்றும் கூசாமல் காட்டும். சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஐம்பது ஆண்டு கழித்துப் பார்க்கும் பிள்ளைக்கு இது சிரிப்பாகத் தோன்றாது, குழப்பமாகவே இருக்கும். தேதியை மாற்றிக் குறிக்கும் வசதி ஏறக்குறைய எல்லா மென்பொருள்களிலும் உண்டு. நாள் தெரியாவிட்டால் ஆண்டையாவது திருத்துங்கள். அந்தத் திருத்தமும் கோப்புக்குள் எழுதப்படுகிறதா என்று பாருங்கள்.

இணையத்தில் சேமித்துவிட்டோம், இனிக் கவலை இல்லை என்று இருப்பவர்களுக்கும் ஒரு சொல். கூகுள் போட்டோஸ் அளவில்லா இலவச இடத்தை 2021 ஜூன் முதல் நாளோடு நிறுத்திக்கொண்டது. அங்கிருந்து படங்களை மொத்தமாகத் திரும்ப இறக்கினால், நாம் எழுதிய விளக்கங்கள் படத்துக்குள் அல்லாமல் படத்துக்கொன்றாகத் தனிக் கோப்புகளில் வந்து சேர்கின்றன. பார்ப்பதற்குக் குப்பைபோல் தோன்றும் அந்தக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள்.

படம் தொலைந்தால் உறவினர் எவரிடமேனும் ஒரு படி கிடைக்கலாம். பெயர் அப்படியன்று. 1960களின் திருமணப் படத்தில் மூன்றாம் வரிசையில் நிற்பவர் யாரென்று சொல்லக்கூடியவர் இன்று ஒரு குடும்பத்தில் ஒருவரோ இருவரோதான் இருப்பர். நமக்குக் கடிதம் எழுதிய வாசகர், தமக்குப் பெயர்களைச் சொன்ன பெரியம்மா சென்ற ஆண்டு மர்ஹூமாகிவிட்டதாகக் கடிதத்தின் இறுதியில் ஒரு வரி எழுதியிருந்தார். மூன்றாண்டு உழைப்பு போய்விடுமோ என்பதைவிட, மறுபடி கேட்பதற்கு ஆள் இல்லையே என்பதுதான் அவருடைய அச்சம் என்று நான் புரிந்துகொண்டேன்.

எனவே சகோதரரே, படியெடுத்து முடித்ததும், பெயர்களைக் கோப்புக்குள் எழுதச் செய்ததும், பத்துப் படங்களை மட்டும் தனியே எடுத்து வேறொரு கணிப்பொறியில், வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். பெரியம்மா சொன்ன பெயர்கள் அங்கே தெரிகின்றனவா? தெரிந்தால் ஊருக்கு வந்து வீட்டில் ஒரு படியை வைத்துவிட்டு, அதன்பின் அந்தப் பொத்தானை அழுத்துங்கள். தெரியாவிட்டால் அது நாள்தோறும் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். இன்னும் சில வாரங்கள் காத்திருப்பதால் அதற்கு ஒன்றும் நேர்ந்துவிடாது.