‘தி’ வராவிட்டால் என்ன, ‘ஐ’ வருமே!

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி இப்போது ஆஸ்லோவில் இருக்கிறாள். நார்வேஜிய மொழி வகுப்புக்குப் போகிறாள். “அய்யா, இங்கிலீஷ்லயே ‘தி’ எங்க போடணும்னு எனக்குத் தெரியாது. இவுங்க அதை வார்த்தைக்கு வாலா ஒட்டுறாங்க. தமிழ் மீடியத்துல படிச்சதுதான் தப்பு” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. எந்த மொழியையும் ஆங்கிலம் வழியாகத்தான் படிக்க முடியும் என்று நம் பிள்ளைகளை நம்ப வைத்திருக்கிறோமே, அதன் மேல். அவள் அனுப்பும் பாடங்களை இரண்டு மாதமாக நானும் படிக்கிறேன்.

விளக்குத்தூண் பக்கம் போய் ‘புடவை வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புடவை. ‘புடவையை வாங்கினேன்’ என்றால் நாம் முன்பே பேசிவைத்த புடவை. இரண்டாம் வேற்றுமை உருபு செய்யும் வேலை இது. நார்வேஜியனும் வாலில்தான் ஒட்டுகிறது. ‘என் பீல்’ என்றால் ஒரு கார் (நம் ‘என்’ அல்ல, அது அவர்கள் ‘ஒரு’). ‘பீலென்’ என்றால் குறிப்பிட்ட அந்தக் கார். ‘எத் ஹூஸ்’ ஒரு வீடு, ‘ஹூசெ’ அந்த வீடு. நம் ‘ஐ’ செயப்படுபொருளில் மட்டும் வரும். அவர்கள் வால் எழுவாயிலும் வரும். இதை ஒரே வகுப்பில் விளக்கிவிடலாம்.

எது ‘என்’, எது ‘எத்’ என்பதற்கு மட்டும் மனப்பாடம்தான் வழி. கார் ஆண்பாலாம்! ஆனால் குழந்தை ‘எத் பார்ன்’, அஃறிணை. நாமும் ‘குழந்தை அழுகிறது’ என்றுதானே சொல்கிறோம்?

அடுத்த பயம் பெயரடை. ‘என் ஸ்தூர் பீல்’ பெரிய கார், ‘எத் ஸ்தூர்த் ஹூஸ்’ பெரிய வீடு, பன்மைக்கு ‘ஸ்தூரெ’. நமக்கோ பெரிய பையன், பெரிய வீடு, பெரிய மரங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ‘பெரிய’. ஆனால் வாக்கியத்தின் முடிவுக்கு வாருங்கள்: அவன் பெரியவன், வீடு பெரியது, அவர்கள் பெரியவர்கள். ‘ஹூசெ ஏர் ஸ்தூர்த்’ என்பது ‘வீடு பெரியது’தான். பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்பச் சொல் மாறுவது தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதா? ஆங்கிலத்தில்தான் ‘பிக்’ எங்கே போனாலும் ‘பிக்’. இதைப் புரியவைக்க அந்த மொழியால் என்ன உதவி?

‘தெ ஸ்தூரெ ஹூசெ’, அந்தப் பெரிய வீடு. முன்னால் ஒரு சுட்டு, பின்னால் ஒரு வால், இரண்டும் வேண்டும். டேனிஷ்காரர்கள் இந்த இடத்தில் வாலை விட்டுவிடுவார்கள். ஆங்கிலம் வழியாகப் படிப்பவருக்கு இது வீண் சுமையாகத் தெரியும். ‘அந்தப் பெரிய வீட்டை வாங்கினான்’ என்று முன்னால் ‘அந்த’வும் பின்னால் ‘ஐ’யும் போட்டுப் பேசும் நமக்கு ஏன் தெரிய வேண்டும்?

1980களில் யாழ்ப்பாணத்திலிருந்து போய், வடகோடியில் ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் நின்றபடி இந்த மொழியைப் பிடித்துக்கொண்ட தமிழர்கள் அங்கே இருக்கிறார்கள். உங்களில் யாருக்காவது அப்படி ஒருவரைத் தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். ஞாயிறுதோறும் அரை மணி நேரம், தமிழிலேயே சொல்லிக்கொடுத்தால் போதும்.