வாக்குக்கு அழைப்பு, அவைக்கு மறுப்பா?



தூத்துக்குடிக்குத் தெற்கே, முத்துக்குளித்துறைக் கரையிலே, காயல்பட்டினம் என்னும் பழம்பெரும் ஊர் உண்டு. கொழும்பு என்றும் ஆங்காங் என்றும் வளைகுடா என்றும் ஆடவர் வணிகம் தேடிக் கடல் கடந்த ஊர் அது. மணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வது அவ்வூர் வழக்கம். வீடு பெண்ணுடையது, வீட்டின் ஆட்சியும் பெண்ணுடையது. அயல்நாட்டில் இருப்பவர் நேரில் வந்தாலன்றி வாக்களிக்க இயலாது. அத்தகைய ஊரில், தேர்தல் நாளன்று சாவடி வாயிலில் காத்து நிற்பவர் யாராக இருப்பர்? பெண்களன்றோ!

1948 மார்ச் 10-இல் சென்னையில் உருவான இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் தலைவர் காயிதே மில்லத் முகம்மது இசுமாயில், இக்கரையும் 1986 வரை அடங்கியிருந்த நெல்லைச் சீமையின் மைந்தர். சிறுபான்மையினர் உரிமைக்காக அவர் எழுப்பிய குரலை நாடறியும். அந்தக் குரலுக்கு வலுவூட்டிய பெண்களின் வாக்குக்குக் கிடைத்த இடம் யாது?

கேரளத்தில் 1996-இல் கோழிக்கோட்டிலே ஒரு பெண்ணைச் சட்டமன்றத்துக்கு நிறுத்தினர். தோற்றார். அடுத்த பெண் நிறுத்தப்பட்டது 2021-இல்! இடையே ஓடியவை 25 ஆண்டுகள். அதே 2021-இல் தமிழகத்தில் லீக் போட்டியிட்ட தொகுதிகள் மூன்று, வேட்பாளர் மூவரும் ஆடவர், மூவரும் தோற்றனர். தோல்விக்கு இதுவே காரணம் என்று நாம் கூறவில்லை. ஆனால், "பெண்ணை நிறுத்தினால் தோற்போம்" என்போரை ஒன்று கேட்கிறோம்: ஆணை நிறுத்தி வென்றீர்களா?

துருக்கியைப் பாருங்கள். அங்கே இசுலாமியக் கொள்கை பேசிய ரெஃபா கட்சிக்காகப் பெண்கள் வீடு வீடாகப் படியேறினர். 1995 தேர்தலில் அக்கட்சி சுமார் 21 விழுக்காடு வாக்குடன் முதலிடம் பெற்றது. அதன் வேட்பாளர் பட்டியலிலோ ஒரு பெண்ணும் இல்லை! மூச்சடக்கி முத்தெடுத்தவர் ஒருவர். விலை பேசிப் பணப்பையை முடிந்தவர் வேறொருவர்.

கட்சிகள் தாமாகத் திறக்காத கதவைச் சட்டம் திறந்தது. உள்ளாட்சியில் மகளிர் ஒதுக்கீடு வந்தது. தமிழகத்தில் 2016-இல் அது சரிபாதியாக உயர்ந்தது. 2022-இல் சென்னை மாநகராட்சித் தேர்தலில் லீக்கின் சார்பில் பாத்திமா முசப்பர் வென்றார். 2025 மே திங்களில் அவர் உட்பட இரு பெண்கள் அக்கட்சியின் தேசிய நிர்வாகத்தில் முதன்முறையாக இடம் பெற்றனர். வரவேற்கிறோம். கட்சி பிறந்து 77 ஆண்டுகள் கழித்து என்பதையும் மறவோம்.

ஒரு கட்சியை மட்டும் சுட்டிவிட்டு மற்றவர் தப்பிக்கொள்ள வழியில்லை. 2024-இல் தமிழக வாக்காளர் பட்டியலில் ஆடவரைவிடப் பெண்களே மிகுதி. 2021-இல் சட்டமன்றத்துக்குத் தேர்வான 234 பேரில் பெண்கள் 12 பேர். இது எந்த மதத்தின் கணக்கு? எந்தக் கட்சியின் கணக்கு? எல்லோருடைய கணக்குமன்றோ!

ஆகவே, தோழர்களே, வாக்குக் கேட்டு வாயிற்படி ஏறும்போது, "வீட்டில் எத்தனை ஓட்டு?" என்று ஆடவரிடம் கேட்டுத் திரும்பாதீர்கள். அந்த வீட்டுப் பெண்ணின் கருத்தைக் கேளுங்கள். அவளைக் கிளைக் கூட்டத்துக்கு அழையுங்கள். வேட்பாளர் பட்டியலில் அவள் பெயர் ஏறப் போராடுங்கள். வாக்களிக்கும் கை, சட்டம் இயற்றவும் வல்லது!