நடக்கிற காலில் கத்தி வைக்காதே! இழுத்துப்போன காலை மூலையில் போடாதே!

பெண் பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அடுத்து காலைப் பார்ப்பார்கள். பெருவிரலைவிட இரண்டாவது விரல் நீளமாக இருந்துவிட்டால் போச்சு! "புருஷனை ஆட்டி வைப்பா" என்று ஒரு கிழவி சொல்லிவிடுவாள். பெற்றவளுக்கு அன்று இரவு தூக்கம் கிடையாது.

இந்தப் பேச்சுக்கு எந்த ஆதாரமும் இல்லை. விரல் நீளம் என்பது தாய் தகப்பன் வழியில் வந்த எலும்பு. ஆனால் அந்த எலும்பை நறுக்கிக் குட்டையாக்கவும் இப்போது ஆபரேஷன் வந்துவிட்டது. பெருவிரல் ஓரம் புடைத்த எலும்பைச் செதுக்குகிறார்கள். ஆறாவது விரலை எடுக்கிறார்கள். விளம்பரம் செல்போனுக்கே வருகிறது. விருதுநகர், சிவகாசிப் பக்கமும் கல்யாண வயசில் இருப்பவர்கள் அதைப் பார்க்கத்தான் செய்கிறார்கள்.

செய்துகொள்ளலாமா, கூடாதா?

மூக்கு நடப்பதில்லை!

ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள் இருக்கின்றன. உடம்பின் எடை முழுவதும் அதன் மேல்தான் இறங்குகிறது. மூக்கைத் திருத்துவது வேறு. மூக்கு நடப்பதில்லை. கால் நடந்தாக வேண்டும்.

ஒரு விரலைக் குறைத்தால் அது தாங்கிய பாரம் பக்கத்து விரலுக்குப் போகலாம். அங்கே புதிதாக வலி கிளம்பும். நறுக்கிய எலும்பு சேராமல் போகலாம். மூட்டு விறைத்துப் போகலாம். நரம்பு அறுபட்டால் விரல் மரத்துவிடும். புண்ணில் சீழ் பிடிக்கலாம். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும், பீடி சிகரெட் குடிப்பவர்களுக்கும் காலில் பட்ட புண் சீக்கிரம் ஆறாது. எல்லாம் நல்லபடி முடிந்தாலும், எலும்பில் கை வைத்தால் பல வாரம் சரியாக நடக்க முடியாது. வீக்கம் வடிய மாதக்கணக்கில் ஆகும்.

டாக்டர்களே எச்சரித்தார்கள்

ஹை ஹீல்ஸ் செருப்புக்குள் கால் நுழைய வேண்டும் என்று விரலை வெட்டிக்கொள்ளும் மோகம் அமெரிக்காவில் கிளம்பியது. 2003-ல் அந்நாட்டின் பாதம், கணுக்கால் எலும்பு டாக்டர்கள் சங்கமே இதற்கு எதிராகக் குரல் கொடுத்தது. வலி இல்லாத காலை அழகுக்காக அறுப்பது சரியல்ல என்றார்கள். கத்தியைப் பிடித்துச் சம்பாதிக்கிறவர்களே வேண்டாம் என்றால் விஷயம் இல்லாமல் இருக்குமா?

நம் பக்கமும் நடந்தது. 2016 ஏப்ரலில் ஐதராபாத்தில் ஒரு வாலிபர் பெற்றோருக்குச் சொல்லாமல் உயரம் கூட்டும் ஆபரேஷனுக்குப் படுத்தார். கால் எலும்பை வெட்டி, கம்பி மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நீட்டும் வேலை அது. மகனைக் காணோம் என்று தேடி அலைந்த பெற்றோர் கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்தார்கள். தெலுங்கானா மருத்துவ கவுன்சில் டாக்டர் மீது நடவடிக்கை எடுத்தது.

அதற்காக எல்லா கால் ஆபரேஷனும் வீண் என்று அர்த்தமில்லை. எலும்புப் புடைப்பு வலிக்கிறது, ஆறாவது விரல் செருப்பில் உரசிப் புண்ணாகிறது என்றால் அது அழகுப் பிரச்சினை அல்ல, வைத்தியம்.

தீயில் வெந்த கால்

இனி பட்டாசு பூமியின் சொந்தக் கதைக்கு வருவோம்.

2012-ல் முதலிப்பட்டி, 2021-ல் அச்சங்குளம், 2024-ல் செங்கமலப்பட்டி, 2025-ல் சின்னக்காமன்பட்டி. வெடி விபத்து நடந்ததும் பிணத்தை எண்ணுகிறார்கள். பிழைத்தவன் காலை யார் எண்ணுகிறார்கள்?

வெந்த தோல் ஆறும்போது சுருங்கும். பாதத்தின் மேல்பக்கம் வெந்தால் விரல்கள் மேலே இழுத்துக்கொள்ளும். செருப்பு நிற்காது. பஸ் ஏற முடியாது. சின்னப் பிள்ளை என்றால் இன்னும் மோசம். எலும்பு வளரும், தழும்பு கூடவே வளராது. தழும்பில் வருஷக்கணக்கில் ஆறாமல் இருக்கும் புண் புற்றுநோயாக மாறுவதும் உண்டு.

இந்தக் காலைத்தான் வீட்டில் "அது அழகுக்குச் செய்றது, அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப் போடுகிறார்கள். 'பிளாஸ்டிக் சர்ஜரி' என்ற பேரைக் கேட்டதும் சினிமாக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைப்பு! இழுத்த தோலை விடுவித்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவது அழகு வேலை அல்ல. மறுபடி நடக்க வைக்கும் வேலை.

வடு தெரியக்கூடாது என்று ஆசைப்படுவது குற்றமா? இல்லை. ஆனால் உண்மை தெரிய வேண்டும். ஒட்டிய தோல் நிறம் ஒத்துப் போகாது. எடுத்த இடத்திலும் தழும்பு விழும். நம்மைப் போன்ற கறுத்த தோலில் ஆபரேஷன் தழும்பே தடித்துப் புடைப்பதும் உண்டு. நிறத்துக்காக மட்டும் என்றால், தழும்பு முதிர ஒரு வருஷமாவது பொறுப்பது நல்லது. விரல் இழுத்துக்கொண்டால் பொறுக்கக் கூடாது.

கேட்டுவிட்டுப் படு!

இந்தக் கால் இப்போது வலிக்கிறதா? நடக்கத் தடையா? கத்தி வைக்காமல் சரிசெய்ய வழி உண்டா? கெட்டுப்போனால் என்ன ஆகும்? இதையெல்லாம் கேட்காமல் கையெழுத்துப் போடாதே. நோயாளிக்கு ஆபத்தையும் மாற்று வழியையும் விளக்கிச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று 2008-லேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கேட்பது உரிமை.

சிவகாசி அரசு ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவு இருக்கிறது. விருதுநகரில் 2022-ல் மருத்துவக் கல்லூரியும் திறந்தாகிவிட்டது. தீக்காயத்தில் பிழைத்தவர்களை மாதம் ஒருநாள் கூப்பிட்டு கை காலைப் பார்த்து, இழுத்துப் போகுமுன் சிகிச்சை தர ஏற்பாடு வேண்டும். பட்டாசு ஆலை முதலாளிகளும் நஷ்டஈட்டோடு கை கழுவாமல் அந்தச் செலவில் பங்கு ஏற்க வேண்டும்.

விரல் நீளம் பார்த்து சம்பந்தத்தைத் தட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மருமகள் காலில் மெட்டி போட விரல் இருந்தால் போதும். அளவெடுக்க ஸ்கேல் வேண்டாம்!